பட்டறையில் பிறந்த கருவி



சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில், நமது இருசக்கர வண்டியின் முன்சக்கரப் பிரேக் பிடித்தும் பிடிக்காமலும் இருந்தபடியால், கன்னிவாடியில் நமக்குப் பழக்கமான பட்டறை ஒன்றிற்குச் சென்றிருந்தோம். ஆடலூர், பன்றிமலைப் பக்கத்திலிருந்து வாழையும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு மலைச்சரிவில் இறங்குகின்ற சிறு வண்டிகள் பலவற்றிற்கு அந்தப் பட்டறைக்காரரே பிரேக் பார்ப்பவர். சரிவில் வருகிறவர்களின் உயிர் அவர் கையில் இருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

அன்று அவர் வழக்கமான திருப்புளியை எடுக்கவில்லை. மேசை அறையிலிருந்து புதிதாக ஒரு கருவியை எடுத்தார். இரண்டு இரும்புத் தகடுகள்; அவற்றின் நடுவே மரையிட்ட தண்டு; ஓரத்தில் ஒரு கைப்பிடி. கைப்பிடியைத் திருகத் திருகத் தகடுகள் விலகி, பிரேக்கின் பிஸ்டன் ஒரு சிறிதும் சாயாமல் நேராக உள்ளே சென்று அமர்ந்தது. "நானே செஞ்சது சாமி" என்றார். முகத்தில் பெருமிதம் பொங்கியது.

இயந்திரம் அறியாத நம் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். டிஸ்க் பிரேக்கில் எண்ணெயின் அழுத்தம் பிஸ்டனை வெளியே தள்ளுகிறது. பிஸ்டன், பேட் எனும் பட்டையைச் சுழலும் வட்டத்தகட்டின்மேல் அழுத்துகிறது. பட்டை தேயத் தேய பிஸ்டன் முன்னே வந்துகொண்டே இருக்கும். தடித்த புதுப் பட்டையைப் பொருத்த வேண்டுமாயின், முன்னே வந்த பிஸ்டனை மீண்டும் உள்ளே தள்ளியாக வேண்டும். அவசரக்காரர்கள் திருப்புளியால் நெம்புவார்கள். அதனால் பிஸ்டனில் கீறல் விழும், கீறல் இரப்பர் வளையத்தை அறுக்கும், எண்ணெய் கசியும், ஒருநாள் மலை வளைவில் பிரேக் பிடிக்காது போகும். ஆதலின் அக்கருவி அற்பமானதன்று.

"இதுக்குப் பேட்டண்ட் வாங்கலாம்னு ஒருத்தர் சொல்றார் சாமி. எண்பதாயிரம் ஆகுமாம். முன்பணம் முப்பதாயிரம்" என்றார் அவர். அருகே நின்ற அவருடைய மனைவி ஒன்றும் பேசவில்லை. ஆனால் அவரது கை கழுத்துச் சங்கிலியைத் தொட்டு மீண்டதைக் கண்டோம். "பத்து நாள் பொறு தம்பி, விசாரித்துச் சொல்கிறோம்" என்று கூறி வந்தோம். விசாரித்ததையும் படித்தறிந்ததையும் இங்கே எழுதுகிறோம். நம் குடும்பங்களில் கைத்திறன் படைத்தோர் பலர் உண்டு. அவர்களுக்கும் இது பயன்படும்.

முதலாவது, கைக்கருவி எளியது என்பதற்காகச் சட்டம் அதைத் தள்ளிவிடுவதில்லை. இந்தியாவில் இத்தகைய உரிமைக்கான முதல் விண்ணப்பம் 1856-ம் ஆண்டு மார்ச் 3-ம் நாள் கல்கத்தாவில் டி பென்னிங் என்பவரால் அளிக்கப்பட்டது. அவர் கண்டது பீரங்கியோ புகைவண்டியோ அன்று. பங்கா இழுக்கும் பொறி! ஆகவே பொருளின் எளிமை ஒரு தடையல்ல.

பின் எது தடை? காப்புரிமைச் சட்டம் மூன்று கேள்விகளைக் கேட்கிறது. பொருள் புதியதா? அத்தொழில் அறிந்தவர் எவருக்கும் எளிதில் தோன்றாத முன்னேற்றம் அதில் உண்டா? தொழிலில் பயன்படுமா? மூன்றிற்கும் 'ஆம்' என்ற விடை வேண்டும். நம் நண்பரின் கருவி மூன்றாம் கேள்வியை எளிதாகக் கடந்துவிடும். முதலிரண்டில்தான் சிக்கல்.

இதற்கு நேரான ஒரு வழக்கு உண்டு. உத்தரப் பிரதேசத்து மிர்சாப்பூரில் பித்தளைப் பாத்திரம் செய்யும் நிறுவனம் ஒன்று இருந்தது. பெயர் ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ். பழைய முறையில் பாத்திரத்தைக் கடைசல் பொறியில் சுழலவிட்டுச் சுரண்டும்போது, அது பிடியிலிருந்து தெறித்துப் பறந்து தொழிலாளரைத் தாக்கும் அபாயம் இருந்தது. அந்நிறுவனத்தின் பங்குதாரர் ஒருவர் 1951-ல் பாத்திரத்தை உறுதியாகப் பிடித்துக்கொள்ளும் அமைப்பொன்றைச் செய்தார். அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. மற்றொரு நிறுவனம் அதே முறையைக் கையாண்டபோது வழக்கு எழுந்தது. உயர்நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி காப்புரிமையை நீக்கினார். மேல்முறையீட்டில் அது மீண்டும் உயிர்பெற்றது. இறுதியில் 1978-ம் ஆண்டு டிசம்பர் 13-ம் நாள் உச்சநீதிமன்றம் அதை நீக்கியே தீர்ப்பளித்தது. அன்றையச் சட்டப்படி காப்புரிமையின் ஆயுள் 16 ஆண்டு; இந்தச் சச்சரவு முடியவோ 27 ஆண்டு சென்றது!

நீதிமன்றம் கூறிய காரணம் நம் சிந்தனைக்குரியது. கூர்முனையால் பொருளைத் தாங்கிப் பிடிக்கும் முறை கடைசல் தொழிலில் பல பத்தாண்டுகளாகவே அறியப்பட்டது. அதைச் சிறிது மாற்றிப் பாத்திரத்திற்குப் பயன்படுத்தியது பட்டறையில் இயல்பாக நிகழும் சீர்திருத்தமே அன்றிப் புதுப்புனைவு ஆகாது என்றது தீர்ப்பு. பயனுள்ளதாக இருந்தால் மட்டும் போதாது. தொழிலாளரின் உடலைக் காப்பதாக இருந்தாலும் போதாது. அலுவலகம் காப்புரிமையை வழங்கிவிட்டது என்பதே அது செல்லும் என்பதற்கு உறுதியுமன்று.

இது கொடுமையல்லவா என்று தோன்றலாம். நமக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள். தகடும் மரைத்தண்டும் கொண்டு பிஸ்டனைத் தள்ளும் கருவிகள் உலகச் சந்தையில் நெடுங்காலமாக விற்கப்படுகின்றன. அவற்றில் கைப்பிடியை மாற்றியவர், தகட்டை அகலமாக்கியவர் ஒவ்வொருவருக்கும் 20 ஆண்டுத் தனியுரிமை தந்துவிட்டால் என்ன ஆகும்? எங்கோ ஒரு நகரத்துக் கம்பெனி நம் கன்னிவாடி நண்பருக்கு நோட்டீசு அனுப்பி, "உன் பட்டறையில் இதைச் செய்யாதே" என்று தடுத்திருக்கும். அவரைத் தனி உரிமையாளராக்க மறுக்கிற அதே சட்டம், அவர் தம் கையால் ஒரு கருவி செய்துகொள்ளும் சுதந்திரத்தையும் காக்கிறது. நம் தமிழ் மண்ணைச் சேர்ந்த நீதிபதி இராஜகோபால ஐயங்கார் 1959-ல் அளித்த அறிக்கையைத் தழுவியே 1970-ம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. தனியுரிமை என்பது பொதுமக்கள் தரும் விலை. அதற்கு ஈடாக மெய்யான புதுமை மக்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் உட்கருத்து.

பத்து நாள் கழித்து மீண்டும் பட்டறைக்குச் சென்றோம். இன்னொரு செய்தியும் அங்கே வெளிப்பட்டது. தம் கருவி வேலை செய்வதைக் கைப்பேசியில் படம்பிடித்து, மெக்கானிக்குகளின் குழு ஒன்றிற்கு எட்டு மாதங்களுக்கு முன்பே அனுப்பியிருந்தாராம். "எல்லாரும் பாராட்டினாங்க சாமி" என்றார், ஒன்றும் அறியாதவராய். விண்ணப்பிக்கும் முன்னர் ஊரறியக் காட்டிய பொருள் சட்டத்தின் கண்ணில் புதியதன்று. காட்டியவர் அதைச் செய்தவரே ஆயினும் அப்படித்தான். விதிவிலக்குகள் சில உண்டு. அவை மிகக் குறுகியவை.

எனவே, நகையை அடகு வைக்க வேண்டாம் என்று சொன்னோம். அவர் முகம் வாடியது. மனைவியின் முகத்திலோ ஒரு நிம்மதி. இரண்டையும் ஒருங்கே காண்பது நமக்கு எளிதாக இருக்கவில்லை. "அப்போ இது ஒண்ணுமில்லையா சாமி?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே இப்பக்கத்தை எழுதுகிறோம். காப்புரிமை கிடைக்காதது என்பதால் ஒரு பொருள் மதிப்பற்றது ஆகிவிடாது. திண்டுக்கல் பூட்டை எண்ணிப் பாருங்கள். பூட்டு என்பது உலகமறிந்த பொருள்தான். ஆயினும் நம் ஊர்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகக் காத்த தரத்தினாலன்றோ அவ்வூர்ப்பெயரே மதிப்புப் பெற்று, 2019-ல் புவிசார் குறியீடாகப் பதிவாயிற்று! நம் நண்பரும் தம் கருவியில் தமக்கென ஒரு முத்திரையைப் பொறித்து, நல்ல இரும்பில் செய்து, பக்கத்துப் பட்டறைகளுக்கு விற்கலாம். வணிக முத்திரையைப் பதிவு செய்யப் பொருள் புதிதாக இருக்க வேண்டியதில்லை.

மெய்யாகவே புதிதான ஒன்றைக் கண்டவர்களுக்கும் ஒரு சொல். முதலில், இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் கட்டணமின்றித் தேடிப் பாருங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் உதவுவார்கள். விண்ணப்பிக்கும்வரை யாருக்கும் காட்டாதீர்கள். தற்காலிக விவரக்குறிப்பை அளித்தால் உங்கள் நாள் குறிக்கப்படும். முழு விவரத்தை அளிக்க 12 மாதம் கிடைக்கும். தனிமனிதருக்கு இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். பரிசோதனைக்கு 4,000 ரூபாய். வல்லுநரின் ஊதியம் வேறு. அதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். எளிய மக்களின் புனைவுகளுக்குக் காப்புரிமை பெற உதவுவதற்கென்றே, 2000-ம் ஆண்டில் தொடங்கிய தேசியப் புத்தாக்க நிறுவனம் குஜராத்தில் இயங்குகிறது. "கட்டாயம் வாங்கித் தருகிறேன்" என்று எவரேனும் உறுதி கூறினால் அங்கேயே விழித்துக்கொள்ளுங்கள். அந்த உறுதியைத் தர எவராலும் இயலாது.

விடைபெறும் வேளையில் நண்பர் நம்மருகே வந்து, குரலைத் தாழ்த்தி, "பின்சக்கரத்துக்கு வேற ஒரு யோசனை இருக்கு சாமி. சொல்லட்டுமா? உங்ககிட்ட சொன்னா வெளியே போகாதே!" என்றார்.

"அந்த இரகசியம் வேறு தம்பி, இது வேறு. முதலில் தேடிப் பார், பிறகு விண்ணப்பம் போடு, அதன்பின் எமக்குக் காட்டு" என்றோம். அவர் மனைவி அன்றுதான் முதன்முறையாகச் சிரித்தார்.

நமது வண்டியின் பிரேக் இப்போது நன்றாகவே பிடிக்கிறது.