கடலோரத் தோட்டத்தில் அவகேடோ எண்ணெய் எடுக்கலாமா?

‘‘உடன்குடி பகுதியில் அவகேடோ மரம் வளர்த்து, எண்ணெய் எடுத்து, முகத்துக்கும் முடிக்கும் பூசும் எண்ணெயாக விற்பனை செய்ய முடியுமா?’’

- வாசகி, உடன்குடி.

அவகேடோ எனும் வெண்ணெய்ப்பழத்தில் எண்ணெய் இருப்பது கொட்டையில் அல்ல, சதையில். இதில் ஒலியிக் அமிலம் அதிகம். வறண்ட தோலில் தடவினால் ஈரப்பசை குறையாமல் காக்கும். முடிக்கு வழவழப்பும் மினுமினுப்பும் தரும். ஆனால், ‘வழுக்கையில் முடி முளைக்கும்’ என்று சொல்லி விற்பதை நம்ப வேண்டாம்.

தமிழ்நாட்டில் இந்த மரம் கீழ்ப்பழநி மலை, நீலகிரி, ஏற்காடு போன்ற மலைப்பகுதிகளில்தான் நன்றாகக் காய்க்கிறது. தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.கே.டி-1 ரகமும் மலைப்பகுதிக்கானதே. இந்த மரம் உப்பைத் தாங்காது. உடன்குடியின் வெயிலுக்கும், கடலோரக் கிணறுகளின் உப்புத் தண்ணீருக்கும் இதை நட்டால், கன்று வாங்கிய பணமே வீணாகும்.

பழத்தை வெளியில் வாங்கி எண்ணெய் எடுப்பதும் எளிதல்ல. சதையில் பெரும்பகுதி தண்ணீர். எள், நிலக்கடலை போல செக்கில் போட்டு ஆட்ட முடியாது. சதையைக் கூழாக்கி, மையவிலக்கு இயந்திரத்தில் எண்ணெயைப் பிரிக்க வேண்டும். 10 கிலோ பழத்துக்கு 1 கிலோ எண்ணெய் கிடைத்தாலே பெரிது.

இதே வேலையைச் செய்யும் எண்ணெய் உடன்குடி, சாத்தான்குளம் பகுதித் தோட்டங்களிலேயே இருக்கிறது. அது முருங்கை விதை எண்ணெய். இதிலும் ஒலியிக் அமிலம்தான் அதிகம். எளிதில் சிக்கு வாடை அடிக்காது. அழகுசாதனப் பொருள் தயாரிப்பில் ‘பென் ஆயில்’ என்பது இதுதான். காய் விலை சரியும்போது, சில மரங்களில் மட்டும் காய்களை நெற்றாக விடலாம். விதையை நன்கு காயவைத்து, தோலை நீக்கி, பருப்பைச் செக்கில் ஆட்டலாம். எண்ணெயை வடிகட்டி, வெளிச்சம் படாத பாட்டிலில் வைக்க வேண்டும். பிண்ணாக்கு உரமாகும்.

எந்த எண்ணெயானாலும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். அரிப்பு, தடிப்பு வந்தால் தவிர்க்க வேண்டும்.

அழகுசாதனப் பொருளாகத் தயாரித்து விற்க, 2020-ம் ஆண்டு அழகுசாதனப் பொருள்கள் விதிகளின்படி உரிமம் தேவை. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன், நாலைந்து கிலோ விதையை ஆட்டிப் பார்த்து, கிடைக்கும் எண்ணெயையும் ஆகும் செலவையும் கணக்கிடுங்கள். கணக்குக் கட்டுப்படியானால் மட்டும் இயந்திரம், பாட்டில், லேபிள் என்று இறங்குங்கள்.