ஓங்கிய கை வேறு, விழுந்த அடி வேறு!

ஆலையில் வேலைநிறுத்தமோ, வயலில் கூலிப் போராட்டமோ நடந்தால், முதலாளிப் பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் கூப்பாடு போடுகின்றன: "அதிகாரியைத் தாக்கினர்!" யார் அடித்தது? யாருக்குக் காயம்? ஒரு வரியும் இராது.

சூது எங்கே இருக்கிறது? வழக்கில் 'அசால்ட்' என்று எழுதுகிறார்கள். பத்திரிகை அதை 'அட்டாக்' என்று படித்து, 'தாக்கினர்' என்று அச்சடிக்கிறது. இரண்டும் ஒன்றல்ல! அடிக்கப் போகிறான் என்று எதிரே நிற்பவர் அஞ்சும்படி வேண்டுமென்றே கையை ஓங்கினாலே சட்டப்படி 'அசால்ட்'. மேலே விரல்கூடப் பட வேண்டியதில்லை. 1860-ம் வருஷம் வெள்ளையன் போட்ட தண்டனைச் சட்டத்தில் இது 351-வது பிரிவு. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 130-வது பிரிவு. வெள்ளையன் போனான், அவன் இலக்கணம் போகவில்லை! கடமையிலுள்ள அரசு ஊழியரைத் தடுக்க இப்படிச் செய்தால் இரண்டு வருஷம் வரை சிறை.

ஆனால் வெறும் வார்த்தை 'அசால்ட்' ஆகாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. நாம் போடும் கோஷம் மட்டும் 'அசால்ட்' ஆகாது!

தோழர்களே! அடி விழுந்ததா, கை ஓங்கியதா, கோஷம் மட்டுமா என்று கேளுங்கள். படித்துக் காட்டாத காகிதத்தில் கைநாட்டு வைக்காதீர்கள்!