காணாமல் போன நாலு வாரம்

அத்தை வீட்டுப் பரணில் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் இருந்தன. 'கல்கி' இதழில் வந்ததை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, அத்தை பைண்டு போட்டு வைத்தது. அட்டையைத் திறந்தால் பசையும் பழைய தாளும் கலந்த வாசனை. கதைக்குப் பக்கத்திலேயே தைல விளம்பரமும் சோப்பு விளம்பரமும் இருக்கும். 1950 அக்டோபரில் தொடங்கிய தொடர் மூன்றரை வருஷத்துக்கும் மேல் ஓடியது. அத்தனை வாரத்து இதழும் ஒரு வீட்டில் பத்திரமாகத் தங்குமா? கடம்பூர் மாளிகையில் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் இறந்து கிடக்கும் இடத்தை ஒட்டி நாலு வாரம் இல்லை. அத்தை அந்த இடத்தில் வெள்ளைத்தாள் வைத்துத் தைக்கச் சொல்லியிருந்தார். பழைய பேப்பர் கடையில் என்றாவது அகப்பட்டால் ஒட்டிக்கொள்ளலாமாம்.

பதின்மூன்று வயதில் அதைப் படித்தேன். கரிகாலனைக் கொன்றது யார் என்பது அந்த நாலு வாரத்தில்தான் இருக்கிறது என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். வேலைக்குப் போய், சம்பளத்தில் முழுப் பதிப்பு வாங்கி, முதல் வேலையாக அந்தப் பக்கங்களைப் புரட்டினால், நாவலை எழுதிய கல்கியே அதைப் போட்டு உடைக்கவில்லை! பெரிய பழுவேட்டரையர் தான்தான் என்கிறார். மணிமேகலையும் தான்தான் என்கிறாள். ஏமாற்றம் என்று சொல்ல மாட்டேன். அன்றைக்குத்தான் அந்த நாவல் என்னைச் சரியாகப் பிடித்தது.

அங்கிருந்து சரித்திரத்துக்குப் போனேன். கொலைப் பின்னணியில் உத்தம சோழர் இருக்கலாம் என்று சந்தேகப்பட்டவர் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி. அதை மறுத்தவர் சதாசிவப் பண்டாரத்தார். இருவர் வாதத்திலும் அடிபடுவது உடையார்குடிக் கல்வெட்டு. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று ரவிதாசன் உள்ளிட்டோரின் பெயரைச் சொல்லி, அவர்களுடைய உறவினர் சொத்துகளைப் பறிமுதல் செய்ததைப் பதிவு செய்யும் ராஜராஜன் காலத்துச் சாசனம் அது. இருப்பது காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயிலில். நாவலின் தொடக்கத்தில், ஆடிப்பெருக்கன்று கதாநாயகன் வந்தியத்தேவன் குதிரையில் வருகிற அதே வீரநாராயண ஏரியின் பக்கத்து ஊர். கதை தொடங்கிய இடத்துக்கு அருகிலேயே தடயமும் இருந்திருக்கிறது. அதைப் பார்ப்பதற்காகவே பஸ் ஏறிப் போனேன். ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. திரும்பி வந்து கல்வெட்டு வாசிக்கக் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன்.

பிடித்த புத்தகம் எது என்று பிரபலங்களிடம் கேட்டால், அது தங்களுக்கு என்ன கற்றுக்கொடுத்தது என்று ஒரு பாடத்தை ஒப்பிப்பார்கள். நேர்மை, விடாமுயற்சி, இத்யாதி. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வந்தியத்தேவனிடம் யாரும் ஒழுக்கம் கற்கவில்லை. வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லித் தப்பிக்கிற ஆள் அவன். ஆனாலும் பிள்ளைகளுக்கு அருள்மொழி, குந்தவை என்று பேர் வைத்தவர்கள் உண்டு. கதையில் வரும் கோடிக்கரைக்கும் பழையாறைக்கும் வழி கேட்டுப் போனவர்கள் உண்டு. புத்தகம் அவர்களைக் கிளப்பிவிட்டது. போன இடத்தில் என்ன கிடைத்தது என்பது அவரவர் பாடு.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அந்த நாவலை நான் தேர்ந்தெடுக்கவில்லை. பரணில் அது இருந்தது. வேறு வீடாக இருந்தால் என் கைக்கு வேறு புத்தகம் வந்திருக்கும், அல்லது ஒன்றுமே வந்திருக்காது. ரசனை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வதில் பாதி, சின்ன வயதில் கைக்கு எட்டியது எது என்பதுதான். 1999இல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையான பிறகு எத்தனையோ பதிப்பகங்கள் மலிவுப் பதிப்பு போட்டன. 2022இலும் 2023இலும் படம் வந்தது. 'எனக்குப் பிடித்தது பொன்னியின் செல்வன்' என்று இன்று இத்தனை பேர் சொல்வதில் கல்கியின் திறமைக்குப் பங்கு உண்டு. எங்கே திரும்பினாலும் அது கிடைப்பதற்கும் பங்கு உண்டு. அதே தரத்தில் எழுதப்பட்டு, மறுபதிப்பு காணாத நாவலைப் பிடித்ததாகச் சொல்ல யாருக்கு வாய்ப்பு?

பரண் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஊர் நூலகம்தான் பரண். அதற்கென்றுதான் 1948இலேயே இங்கே பொது நூலகச் சட்டம் வந்தது. நாட்டிலேயே இந்த மாதிரிச் சட்டங்களில் முன்னோடி. சொத்து வரியோடு பத்து சதவீதம் நூலக வரி இன்றும் கட்டுகிறோம். வசூலான பணத்தை உள்ளாட்சிகள் நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்காமல் பாக்கி வைப்பதும் பழைய கதைதான். சென்னையிலும் மதுரையிலும் பெரிய நூலகங்கள் எழுந்தது நல்லது. ஆனால் பதின்மூன்று வயதுப் பிள்ளை தனியாக நடந்து போகக்கூடிய தூரத்தில் இருப்பது கிளை நூலகம். அங்கே புதுப் புத்தகம் வந்து எத்தனை நாளாயிற்று என்று போய்க் கேட்டால் தெரியும்.

போன மாதம் எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் நின்றுகொண்டிருந்தேன். பள்ளிச் சீருடையில் ஒரு பெண் வந்து, "சார், பொன்னியின் செல்வன் ரெண்டாம் பாகம் இருக்கா?" என்றாள். நூலகர் அலமாரியைப் பார்க்காமலே சொன்னார்: "அதை எடுத்துட்டுப் போனவங்க திருப்பித் தரலைம்மா. மூணு இருக்கு, வேணுமா?"

ஒரு நிமிஷம் யோசித்தாள். மூன்றாம் பாகத்தை வாங்கிக்கொண்டு பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள்.