பெயிண்ட் மட்டும் வேண்டாம்

இந்த வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் எரிச்சல் வந்தது. தம்பி மகள் ஜெர்மனியில் கோட்புஸ் பல்கலைக்கழகத்தில் உலகப் பாரம்பரியம் பற்றிப் படிக்கிறாள், லீவுக்கு வந்திருக்கிறாள். பக்கத்து இலைக்காரர், "ஏனம்மிணி, இடிஞ்ச செவுத்தப் பாக்கறதுக்கு அத்தன தூரம் போகோணுமா?" என்றார். படிப்பென்றால் கம்ப்யூட்டர்தான் என்று நம்புகிறவர். அவரைத் திட்டித்தான் இந்தப் பத்தியை எழுத உட்கார்ந்தேன்.

ஆனால் அவள் செல்போனில் காட்டிய படம் மனதைவிட்டுப் போகவில்லை. பெர்லின் குருனவால்ட் ஸ்டேஷனின் 17ஆம் தடம். யூதர்களை ரயிலேற்றி அனுப்பிய இடம். பிளாட்பாரம் நெடுக இரும்புத் தகடுகள். ஒவ்வொன்றிலும் தேதி, எத்தனை பேர், எந்த ஊருக்கு. கடைசி ரயில் 1945 மார்ச் 27, வெறும் 18 பேர். 1998இல் இந்த நினைவிடத்தை வைத்தது ஜெர்மன் ரயில்வேயேதான்.

"ஆரம்பிச்சுட்டாரு, போத்தனூருக்கு வந்துருவாரு" என்று பழைய வாசகர்கள் சிரிப்பது கேட்கிறது. வந்துவிட்டேன்.

1921 நவம்பர் 19 இரவு, மாப்பிள்ளைக் கிளர்ச்சியில் பிடிபட்ட நூறு பேரைத் திரூரில் ஒரு கூட்ஸ் வேகனில் அடைத்துக் கதவைப் பூட்டினார்கள். காற்று வரவேண்டிய கம்பிவலைக் கண்களைப் பெயிண்டும் தூசியும் அடைத்திருந்தன. வழி ஸ்டேஷன்களில் ரயில் நின்றது. உள்ளே தண்ணீர் கேட்டுக் கதறினார்கள். யாரும் கதவைத் திறக்கவில்லை. நள்ளிரவு தாண்டிப் போத்தனூரில் திறந்தபோது 56 பேர் பிணம். மற்றவர்களைக் கோவைக்குக் கொண்டுவந்த பிறகும் சாவு நிற்காமல் 70 ஆனது. பிணங்களை அதே தண்டவாளத்தில் திரூருக்கே திருப்பி அனுப்பினார்கள்.

திரூரில் நகராட்சி மண்டபமே இவர்கள் பெயரில் இருக்கிறது. ஸ்டேஷன் சுவரில் ரயில்வே இந்தக் காட்சியை வரையவும் செய்தது. 2018இல் சிலர் ஆட்சேபித்ததும் அதன்மேல் பெயிண்டை அடித்து அழித்தது. அழித்த பிறகாவது நாலு பேர் பேசினார்கள். போத்தனூரிலோ அழிப்பதற்கென்று ஒரு வரிகூட என் கண்ணில் பட்டதில்லை. ஸ்டேஷன் 1862இல் வந்தது என்று மட்டும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம்.

அம்மிணியிடம் பெர்லின் தகட்டின் அளவு கேட்டு வாங்கியிருக்கிறேன். வாசகமும் தயார்: 19.11.1921. 100 பேர். திரூர் – போத்தனூர். இரும்பில் வார்க்கும் செலவு என்னுடையது. பெயிண்ட் மட்டும் வேண்டாம்.