வெந்தயமும் வீண்பேச்சும்

கிழக்கேகோட்டையிலிருந்து சாலைக் கடைத்தெருவுக்குள் நடந்தால் பலசரக்குக் கடைதோறும் வெந்தயத்தைக் காணலாம். நாம் வெந்தயம் என்போம். மலையாள நண்பர் உலுவ என்பார். நீரிழிவுக்கோ இருமொழியினரும் ஒன்றே. கேரளத்தில் வயது வந்தோருள் நூற்றுக்கு 25.5 பேர் இந்நோயுற்றவர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் அறிவித்தது. நால்வரில் ஒருவர்!

இந்நிலையில் வெந்தயத்தைப் பாட்டி வைத்தியம் என்று எள்ளுவோரும் உளர். அவர் கூற்றுத் தவறு. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆர். டி. சர்மா 1986இலும் 1990இலும் தம் ஆய்வுகளை வெளியிட்டார். விதையிலுள்ள பசை நீரை ஈர்த்துக் குடலிலே கூழாகிறது. சோற்றின் மாச்சத்து சர்க்கரையாகிக் குருதியில் கலப்பதைத் தாமதப்படுத்துகிறது. உண்டபின் ஏறும் சர்க்கரை அதனால் மட்டுப்படுகிறது. பசை நீக்கிய விதையில் அப்பயன் மிகக் குறைவு என்பதும் அவர் கண்டதே.

ஆனால் 1990இல் அவர் கொடுத்த அளவு என்ன? கொழுப்பு நீக்கிய பொடி நாளொன்றுக்கு 100 கிராம்! அது மருந்தளவு அன்று, உணவளவு. ஒரு கிராமுக்கு மேல் கொள்ளாத குளிகையிலே விதைச்சாற்றை அடைத்து விற்போர், அந்தப் புகழைத் தம் கணக்கில் எழுதிக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

நாவற்கொட்டையின் நிலை இன்னும் மெலிந்தது. 1921இல் இன்சுலின் கண்டறியப்படுமுன் ஐரோப்பிய மருத்துவரும் அதனைக் கையாண்டனர். எனினும், மனிதரிடத்துச் செய்த உறுதியான சோதனைகள் மிகச் சில.

விதை விற்பதை நாம் குறை கூறவில்லை. “ஊசியை நிறுத்து, மாத்திரையை எறி” என்னும் பேச்சே கொடிது. இன்சுலின் சுரக்காத உடலையுடைய சிறுவனுக்கு ஊசியை நிறுத்தினால் சில நாளிலேயே உயிர் போய்விடும். நீரிழிவைத் தீர்ப்பதாக மருந்துக்கு விளம்பரம் செய்தலை 1954ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் தடுக்கிறது. வாய்ப்பேச்சுக்கு அஞ்சல்தலையும் வேண்டா, அச்சகமும் வேண்டா. ஆதலால் அது சட்டத்தின் கண்ணில் எளிதில் படுவதில்லை.

நம் மன்றத்தார் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு துண்டறிக்கை அச்சிட்டுச் சாலையெங்கும் வழங்க வேண்டும். வெந்தயத்தை உணவோடு சேர்க்கலாம். மருந்துண்போர் மருத்துவரிடம் சொல்லிவிட்டே சேர்க்க வேண்டும், சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்தலும் உண்டு. உண்ணுமுன் ஒரு முறை, உண்டு 2 மணி கழித்து ஒரு முறை குருதியைச் சோதித்து எழுதி வையுங்கள். இவ்வளவே போதும். செலவுக்கு அஞ்ச வேண்டா. பொங்கல் விழாப் பந்தலில் இரண்டு தோரணம் குறைந்தால் குறையட்டும்.