ஒடியும் காந்தாரம்

கொரிய நாட்டுப்பாடலான அரிராங் என்றதும் உலகத்துக்கு நினைவு வருவது ஒரே மெட்டு. 1926-இல் நா உன்-கியூ எடுத்த ‘அரிராங்’ மௌனப் படத்தோடு கொரியா முழுக்கப் பரவியது அது. மோகனத்தின் ஐந்து சுரங்களுக்குள் அடங்கிவிடும். எந்த வாத்தியத்திலும் எளிதாக உட்காரும். என் மனம் கிடப்பதோ தென்மேற்கு மூலையிலுள்ள ஜிந்தோ தீவின் அரிராங்கில். மரக்கட்டைகளைக் குச்சியால் தட்டி வாசிக்கும் தனி மரிம்பாவுக்கும் ஒரு குரலுக்குமாக அதை அமைக்க முயன்றால்தான் அது எப்படி முரண்டு பிடிக்கும் என்பது புரியும்.

ஜிந்தோ அடங்கும் ஜொல்லா வட்டாரப் பாட்டில் ஒவ்வொரு சுரத்துக்கும் தனிக் குணம் உண்டு. நம் கணக்கில் சொன்னால், கீழ்ப் பஞ்சமம் ஆடும்; ஷட்ஜம் அசையாது நிற்கும்; சாதாரண காந்தாரம் சதுச்ருதி ரிஷபத்தின் மேல் ஒடிந்து விழும். பாட்டின் உயிரே அந்த ஒடிவுதான். மரிம்பாவில் அது நடக்காது. ரோஸ்வுட் கட்டையைத் தட்டினால் செதுக்கி வைத்த சுருதிதான் வரும், வந்த உடனே தேயும். விடாமல் உருட்டி ஒலியை நீட்டலாம். உருட்டு கமகம் ஆகாது.

இதை மறைக்கப் பலர் பாட்டுக்கு அடியில் மேற்கத்திய கார்டுகளை அடுக்குகிறார்கள். பாடகி காந்தாரத்தை ஒடிக்கும்போது, கீழே கட்டை அதே காந்தாரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. குரல்தான் சுருதி விலகிவிட்டதாகக் கேட்பவருக்குத் தோன்றும். தவறு அமைத்தவருடையது. குரல் இருக்கும்வரை அந்தச் சுரத்தை மரிம்பா தொடவே கூடாது என்பேன்.

பின்னே அதற்கு என்ன வேலை? ஜாங்குவின் வேலை. இடை சிறுத்த அந்த இருமுகத் தோல்வாத்தியத்தில் இடப்பக்க அடி ‘குங்’, வலப்பக்கத்து மூங்கில் குச்சியின் அடி ‘தொக்’, இரண்டும் சேர்ந்தால் ‘தொங்’. இந்தப் பாட்டுக்குரிய செமாச்சி தாளம், மும்மூன்றாக ஒன்பது எண்ணிக்கை: தொங், தொங்–தொக், குங்–தொக். மரிம்பாவில் இதற்கு இடக்கையில் நூல் சுற்றிய மெத்தென்ற இரண்டு குச்சிகள், வலக்கையில் கெட்டியான இரண்டு. அடிப்பஞ்சமம் குங் ஆகிறது, மேல் ஷட்ஜம் தொக் ஆகிறது. குச்சிகளை மாற்றிப் பிடித்துவிடாதீர்கள். கெட்டிக் குச்சி பட்டால் அடிக்கட்டைகளில் சுருதி அமுங்கி, வெறும் மரச்சத்தம்தான் மிஞ்சும்.

வாசிப்பவரே பாடுவதானால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஐந்து ஸ்தாயி மரிம்பா சுமார் இரண்டரை மீட்டர் நீளம். குரல் நீளும் இடத்தில் கை அங்குமிங்கும் தாவினால் மூச்சு குலையும். தாவலையெல்லாம் பாட்டின் அடிகளுக்கு இடையில் வையுங்கள்.

ஜிந்தோவில் ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, பல்லவியில் எல்லாரும் சேர்ந்துகொள்வார்கள். தனி ஆள் பாடும்போது அந்தக் கூட்டமாக மரிம்பா மாறலாம். அங்கே மட்டும் குரல் ஓய, நான்கு குச்சிகளும் முழு ஒலியோடு மெட்டை வாசிக்கட்டும்.

ஜிந்தோ அரிராங்கை அமைக்க நினைப்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: ஜிந்தோப் பெண்களின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு, கூடவே வாய்விட்டுப் பாடுங்கள். உங்கள் தொண்டையில் அந்தக் காந்தாரம் ஒடியும்வரை குச்சியைக் கையில் எடுக்காதீர்கள்.