வளையலை அடகு வைத்துப் புத்தகம் போடலாமா?

சென்ற மாதம் ஒரு மத்தியானம். பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, சற்றே தலையைச் சாய்க்கலாம் என்று பாயை விரித்தபோது வாசலில் குரல் கேட்டது. எங்கள் தெருக்கோடியில் குடியிருக்கும் பெண். இடுப்பில் ஒன்றரை வயதுப் பிள்ளை. கையில் ஒரு நீள நோட்டு.

"அக்கா, நீங்க கதைப் புத்தகம் போட்டிருக்கீகளாமே? நானும் ஒண்ணு எழுதி வச்சிருக்கேன். பேய்க் கதை."

"பேய் எங்கே வருது?" என்றேன்.

"ஆவுடையார்கோயில் போற ரோட்டுல, கடைசி பஸ்ஸுல."

எனக்கு அந்த இடத்திலேயே பிடித்துப் போயிற்று! ஆனால் அவள் வந்த விஷயம் கதையைப் பற்றியது அல்ல. கையிலிருந்த இரண்டு வளையல்களையும் தொட்டுக் காட்டினாள். "இதை வச்சா நாப்பதாயிரம் தருவாக. பணத்தைக் கட்டிட்டா அச்சடிக்கிறதுலேர்ந்து விக்கிற வரைக்கும் எல்லாம் அவுகளே பாத்துக்குவாகளாம். போட்டுரலாமாக்கா? வீட்ல இன்னும் சொல்லலை."

நான் வாயைத் திறக்கவில்லை. அவளை உள்ளே அழைத்துப் போய்க் கட்டில் விரிப்பைத் தூக்கிக் காட்டினேன். அடியில் ஐந்து அட்டைப் பெட்டிகள். அவற்றில் 340 புத்தகங்கள். என் முதல் நாவல்.

சகோதரிகளே, நான் எழுதுவது மர்மக் கதை. எங்கள் அறந்தாங்கிக் கோட்டையின் இடிந்த சுவரோரம் ஒரு பிணம் கிடக்கிறது என்று ஆரம்பித்து, 176 பக்கம் ஓட்டினேன். "கொலைக் கதையா எழுதுறே? நாலு பேரு என்ன சொல்லுவாக?" என்று என் மாமியார் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவர்தான் முதலில் படித்து முடித்தார். கொலைகாரன் யாரென்று பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டதாக இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அதற்கு என் சங்கிலியை அடகு வைத்தேன். கணக்கை மறைக்காமல் சொல்கிறேன். 500 பிரதி, ஒன்றுக்கு 80 ரூபாய் வீதம் 40,000. புத்தகத்தின் விலை 150. ஆகா, ஒன்றுக்கு 70 ரூபாய் லாபம் என்று மனக்கோட்டை கட்டினேன். கடைக்காரருக்கு நூற்றுக்கு நாற்பது கழிவு கொடுக்க வேண்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அதில் 60 ரூபாய் போயிற்று. பஸ் பார்சல் கூலி பிரதிக்கு 8 ரூபாய். மிச்சம் என்ன? இரண்டே ரூபாய்! ஐந்நூறும் கடையில் விற்றிருந்தால் ஆயிரம் ரூபாய். அடகு வட்டியோ மாதம் 400.

ஐந்நூறும் எங்கே விற்றது? கடையில் போட்ட 100-ல் 30 விற்று, 70 முனை மழுங்கித் திரும்பி வந்தன. உறவுக்காரர்களுக்கு இனாமாகக் கொடுத்தது 60. (அதில் எத்தனை பேர் படித்தார்கள் என்று நான் கேட்பதில்லை. கேட்டால் மனஸ்தாபம் வரும்.) கல்யாணம், வளைகாப்பு, பள்ளிக்கூட வாசல் என்று நானே பையில் தூக்கிப்போய் விற்றது 70. ஆக, கைக்கு வந்தது 13,200 ரூபாய். சங்கிலியை ஒரு சீட்டுப் பணம் எடுத்துத்தான் மீட்டேன்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடை மூலம் போன 30-ஐவிட, நானே முகம் பார்த்துக் கொடுத்த 70-தான் எனக்குச் சோறு போட்டது. பிரதிக்கு முழுசாக 70 ரூபாய். அத்துடன் அவர்களில் பலர், "அடுத்த புத்தகம் எப்போ?" என்று கேட்டவர்கள். கதை நன்றாக இல்லாமல் பெட்டிகள் தங்கவில்லை. படிப்பவர் யாரென்று தெரிந்துகொள்வதற்கு முன்னால் அச்சடித்ததால் தங்கின.

இந்த ரகசியத்தை ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்பே ஒரு பெண்மணி அறிந்திருந்தார். வை.மு. கோதைநாயகி அம்மாள். 1901-ல் பிறந்தவர். பால்ய விவாகம், பள்ளிக்கூடப் படிப்பே கிடையாது. முதலில் 'இந்திர மோகனா' என்ற நாடகத்தை அவர் வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிக் கொடுத்தார். 1925-ல் நின்று போயிருந்த 'ஜகன்மோகினி' என்ற பத்திரிகையை ஏற்று நடத்த ஆரம்பித்து, அதிலேயே தம் 'வைதேகி' நாவலைத் தொடராக வெளியிட்டார். துப்பறியும் கதை, குடும்பக் கதை என்று எழுதித் தள்ளினார். 115 நாவல்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். பத்மினி நடித்து 1966-ல் வந்த 'சித்தி' படம் நினைவிருக்கிறதா? அது அவருடைய 'தயாநிதி' நாவல்தான். அந்தப் படம் வந்தபோது அவர் உயிரோடு இல்லை, 1960-லேயே காலமாகிவிட்டார்.

அவர் பத்திரிகை நடத்தினாரே, அதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். மாதா மாதம் கதை போகிறது. சந்தா கட்டியவர்கள் அடுத்த இதழுக்குக் காத்திருக்கிறார்கள். புத்தகமாக வரும் முன்பே அதற்கு வாசகர்கள் இருக்கிறார்கள்! 1932-ல் சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றபோதும் அவர் எழுதுவதை விடவில்லை. வெளியே கணவர் பார்த்தசாரதி பத்திரிகையைக் கவனித்துக்கொண்டார். வீட்டில் சொல்லாமல் வளையலை வைக்கலாமா என்று கேட்டவளிடம் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன்.

"அப்ப பத்திரிகை நடத்தணுமாக்கா?" என்று பயந்துபோய்க் கேட்டாள்.

வேண்டாம். கையிலிருக்கும் செல்போன் போதும். வாரம் ஓர் அத்தியாயம், தெரிந்த பத்துப் பெண்களுக்கு அனுப்பு. நாலாவது வாரம் அனுப்பாமல் இருந்து பார். ஒருத்தியாவது ஏன் வரவில்லை என்று கேட்டால் கதை பிழைத்தது. கேட்காவிட்டால், எந்த இடத்தில் கதை படுத்துவிட்டது என்று பார்த்துத் திருத்து. அதற்கு அடகுக் கடை வேண்டியதில்லை.

அச்சுக்குப் போகும் நாள் வந்தாலும் 500 தேவையில்லை. 25, 50 என்று சிறிய அளவில் அடித்துத் தரும் டிஜிட்டல் அச்சகங்கள் இப்போது இருக்கின்றன. பிரதிக்கு அடக்கம் கூடத்தான் ஆகும். ஆனால் கட்டிலுக்கு அடியில் முதல் முடங்காது. அதிகப் பிரதி அடிக்கும்போது 16 பக்கம் ஒரு பாரம் என்று கணக்கு. 162 பக்கம் என்றால் 176-க்குக் காகிதம் போகும். இரண்டு பக்கத்தைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். புடவைக்கு ரவிக்கைத் துணி பார்த்து வெட்டுகிற நமக்கு இது ஒரு கஷ்டமா? கிண்டிலில் மின்நூலாகப் போட முன்பணமே வேண்டாம்.

'எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' என்று பணம் கேட்பவர்களிடம் விலாவாரியாக எழுதி வாங்குங்கள். எத்தனை பிரதி, எங்கே விற்பார்கள், விற்காதது யாருக்கு, கதையின் உரிமை யாரிடம்? எழுதிய மாத்திரத்திலேயே பதிப்புரிமை நம்முடையது. அதைப் பதிவு செய்ய வேண்டுமென்ற கட்டாயமில்லை. ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கென்று என்னிடம் ஒருவர் தனியாகப் பணம் வாங்கிக்கொண்டார்; அதை மத்திய அரசின் ராஜாராம் மோகன்ராய் முகமை இலவசமாகவே கொடுக்கிறது என்று பிற்பாடு தெரிந்து வயிறு எரிந்தது.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கைப்பிள்ளைக்காரிகள் ராத்திரி ஒரு மணி வரை விழித்து எழுதாதீர்கள். நான் எழுதினேன். தரையில் குனிந்து எழுதி முதுகு பிடித்து, பிள்ளையைத் தூக்க முடியாமல் பத்து நாள் அவதிப்பட்டேன். மத்தியானம் பிள்ளை தூங்கும் முக்கால் மணி போதும். உயரமான மணையோ மேஜையோ இருந்தால் நல்லது. தினம் ஒரு பக்கம் என்றாலும் ஆறு மாதத்தில் ஒரு நாவல்தானே!

அவள் நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். போகும்போது என் புத்தகம் ஒன்றைக் கேட்டாள். "சும்மா வேணாங்க்கா, காசு தாரேன்" என்று நூற்றைம்பதை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். பெட்டியில் 339.

வளையல் இன்னும் அவள் கையில்தான் இருக்கிறது. வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டாளாம், அவர்தான் இப்போது எழுத்துப்பிழை பார்க்கிறாராம். மூன்று வாரமாக எனக்கும் அத்தியாயம் வருகிறது. கடைசி பஸ்ஸில் மொத்தம் ஏழு பேர். கண்டக்டர் கிழித்தது எட்டு டிக்கெட். அந்த இடத்தில் நிறுத்திவிட்டாள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, அடுத்தது வர வேண்டிய நாள். மணி ஐந்தாகிவிட்டது, இன்னும் வரவில்லை. உலை வைக்காமல் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.